அந்த ஒரு வரியை அடிக்காதீர்கள்: ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

உயிரியல் ஆய்வுத் திட்டங்களைப் படித்து, யாருக்கு எவ்வளவு நிதி தரலாம் என்று முடிவு செய்யும் நிபுணர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு குழுவின் முன்னால் என் ஆய்வுத் திட்டத்தைப் பத்து நிமிடத்தில் விளக்கினேன். ஆன்லைனில்தான். டெங்கு வைரஸ் தொற்றிய கல்லீரல் செல்கள் எப்படி அபாயக் குரல் எழுப்புகின்றன, அந்தக் குரல்வளையை வைரஸ் எங்கே பிடிக்கிறது என்பது திட்டம். அறிவியல் பகுதியில் நல்ல கேள்விகள் வந்தன. பட்ஜெட் பக்கம் வந்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு வரியில் நிறுத்தினார். 'ஆன்டிபாடி சரிபார்ப்பு: 2,40,000 ரூபாய்' என்று போட்டிருந்தேன். ஆன்டிபாடி என்பது நாம் தேடும் புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு அதைக் காட்டித்தர வேண்டிய பொருள்; கடையில் வாங்குவது. "கம்பெனியே வேலிடேட் பண்ணித்தானே விற்கிறான்? அதை நீங்க ஏன் மறுபடி பண்ணணும்?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், நேரம் முடிந்துவிட்டது. திட்டம் தேறியது. அந்த வரி மட்டும் அடிபட்டுப் போனது.

கேட்டவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நியாயமான கேள்விதான், பத்து நொடியில் சொல்லி முடிக்கிற பதில் அதற்கு இல்லை, அவ்வளவுதான். அது எந்த அமைப்பின் குழு என்று இங்கே எழுதப் போவதில்லை. வேறு எங்கே போயிருந்தாலும் அதே கேள்வி வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலை இப்போது சாவகாசமாகச் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் ஆன்டிபாடி கொண்டு தேடிய புரதத்தைப் பற்றிக் கொஞ்சம். எம்.ஏ.வி.எஸ் என்பது அதன் பெயர். எங்கள் ஆய்வகத்தில் மேவ்ஸ் என்போம். செல்லுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ நுழைந்ததும் ரிக்-ஐ, எம்.டி.ஏ.5 என்ற இரண்டு காவலாளிகள் அதைக் கண்டுகொள்வார்கள். அவர்கள் ஓடிப்போய்த் தட்டுகிற கதவுதான் மேவ்ஸ். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் வாலை ஊன்றிக்கொண்டு நிற்கும். அதைத் தட்டினால்தான் வைரஸ் வந்த சேதியைச் சொல்லும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் உற்பத்தி தொடங்கும், பக்கத்து செல்களுக்கும் சேதி போகும். 2005-இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைக் கண்டுபிடித்தன, நான்கும் ஆளுக்கொரு பெயர் வைத்தன. டல்லாஸில் ஜிஜியன் சென் குழு மேவ்ஸ் என்றது. ஒசாகாவில் அகிரா குழு ஐ.பி.எஸ்-1 என்றது. ஹாங்-பிங் ஷு குழு வைத்த பெயர் விசா. சுவிட்சர்லாந்தின் லொசானில் யூர்க் ட்ஷோப் குழு வைத்தது கார்டிஃப். ஒன்று காவல்துறை அதிகாரியையும், ஒன்று தூதரகத்தையும், ஒன்று வேல்ஸ் தலைநகரையும் ஞாபகப்படுத்தும். புதிதாகச் சேரும் மாணவர்கள் இவை நான்கும் வேறு வேறு புரதங்கள் என்று நினைத்து ஒரு வாரம் குழம்புவது எங்கள் ஆய்வகத்தில் ஒரு சடங்கு மாதிரி.

இந்தக் கதவை வைரஸ்களுக்கும் நன்றாகத் தெரியும். ஹெபடைடிஸ் சி வைரஸின் என்.எஸ்.3/4ஏ என்ற கத்தரி, மேவ்ஸின் 540 அமினோ அமிலங்களில் 508-ஆவது இடத்தில் வெட்டுகிறது. வால் மைட்டோகாண்ட்ரியாவில் தங்கிவிடும். மீதி கழன்று போய்விடும். சேதி அத்தோடு நின்றது. டெங்குவின் கத்தரி ஸ்டிங் என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தை மனித செல்களில் வெட்டுவது 2012-இலேயே தெரியும். அப்படியென்றால் டெங்கு மேவ்ஸையும் வெட்டுமோ என்ற கேள்வி யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. அதுதான் வினையின் தொடக்கம்.

மேவ்ஸைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆன்டிபாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். முயலுக்கு மேவ்ஸின் ஒரு துண்டைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் ஆன்டிபாடிகளைப் பிரித்து, குப்பியில் அடைத்து விற்கிறார்கள். நாங்கள் வாங்கிய குப்பியில் இருந்தது 100 மைக்ரோலிட்டர். இரண்டு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை நாற்பதாயிரத்தைத் தாண்டியது. ஜே.ஆர்.எஃப் என்ற உதவித்தொகையில் ஆய்வு செய்யும் ஒரு மாணவருக்கு மாதம் கிடைப்பது 37,000 ரூபாய். எங்கள் ஃப்ரீசரின் மேல்தட்டில் இருக்கும் சின்னப் பெட்டியில் ஐந்தாறு மாணவர்களின் மாத உதவித்தொகை உறைந்து கிடக்கிறது. அதனால்தான் ஒரு தடவை சோதனையில் மெம்பரேன் (புரதம் ஒட்டிய மெல்லிய தாள்) மேல் ஊற்றிய ஆன்டிபாடியை வீணாக்காமல் மறுபடி குழாயில் ஊற்றி, மூடியில் தேதி எழுதி, நாலு தரம், ஐந்து தரம் பயன்படுத்துகிறோம். வெளிநாட்டு ஆய்வகத்தில் இருந்து வந்த ஒரு நண்பர் அந்தக் குழாய் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டியில் மிஞ்சிய எண்ணெயை எடுத்து வைப்பதைப் பார்த்தும் சிரித்திருப்பார்.

குப்பி வந்து சேர எட்டு வாரம் ஆனது. கூடவே வந்த டேட்டா ஷீட்டில் ஒரு வெஸ்டர்ன் பிளாட் படம். புரதங்களை எடைவாரியாக ஜெல்லில் பிரித்து, தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் ஒரு கோடாக, அதாவது பேண்டாக, காட்டும் சோதனை அது. பளிச்சென்று ஒரே ஒரு பேண்ட், 75 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில். கணக்குப்படி மேவ்ஸின் எடை 57 கிலோடால்டன்தான். ஆனால் ஜெல்லில் அது 75 பக்கம்தான் ஓடும், அது ஊரறிந்த சங்கதி. கீழே 'வெஸ்டர்ன் பிளாட்டுக்கு வேலிடேட் செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தது.

என் மாணவி முதல் பிளாட்டை ஓட்டினாள். செல்களைக் கரைத்து, கொதிக்க வைத்து, ஜெல்லில் இரண்டு மணி நேரம் ஓட்டி, மெம்பரேனுக்கு மாற்றி, பால் பவுடர் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஆன்டிபாடியில் ராத்திரி முழுக்கக் கோல்ட் ரூமில் ஆடவிட்டு, மறுநாள் மூன்று தரம் கழுவி, முதல் ஆன்டிபாடியைக் காட்டித்தரும் செகண்டரி ஆன்டிபாடி போட்டு, மறுபடி கழுவி, கடைசியில் இருட்டுப் பெட்டிக்குள் வைத்தால் திரையில் மெல்லப் படம் எழும். 75-இல் ஒரு பேண்ட் வந்தது. 55 பக்கத்தில் இன்னொன்றும் வந்தது. டெங்கு தொற்றாத செல்லில் அந்த இரண்டாவது பேண்ட் மங்கலாக இருந்தது. தொற்றி 24 மணி நேரம் ஆன செல்லில் தடித்திருந்தது. 48 மணி நேரத்தில் இன்னும் தடித்தது.

இதைப் பார்த்தால் யாருக்கு ஆசை வராது? 'டெங்கு மேவ்ஸை வெட்டுகிறது' என்று பலகையில் எழுதியவள் நான்தான், மாணவி இல்லை. ஹெபடைடிஸ் சி வெட்டினால் வாலில் 32 அமினோ அமிலம்தான் போகும், பேண்ட் இருபது கிலோடால்டன் கீழே இறங்காது என்பது எனக்கும் தெரியும். வேறு இடத்தில் வெட்டுகிறது போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எந்த இடத்தில் என்று தேடிப் பத்து மாதம் போனது. வைரஸின் கத்தரியான புரோட்டியேஸைத் தனியாகச் செல்லில் போட்டுப் பார்த்தோம். செல்லுக்கே சொந்தமான கத்தரிகளான கேஸ்பேஸ்களின் தடுப்பான்களைப் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் ஒட்டவில்லை, ஒன்றும் விலகவுமில்லை.

நடுவில் ஒரு நாள் அவளே ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்தாள். 2014-இல் 'செல்' என்ற ஆய்விதழில் வந்தது. மேவ்ஸின் ஒரே எம்.ஆர்.என்.ஏவில் (புரதம் செய்ய ஜீனில் இருந்து எடுக்கும் நகல்) இருந்து இரண்டு புரதங்கள் வருகின்றன. 142-ஆவது அமினோ அமிலத்தில் இருந்து தொடங்கும் குட்டையான ஒன்றுக்கு மினிமேவ்ஸ் என்று பெயர். அது ஜெல்லில் 50 பக்கம் ஓடும். முழுப் புரதம் இன்டர்ஃபெரானைக் கூப்பிட்டால் இது அதைத் தடுக்கும். "மேடம், நம்ம கீழ் பேண்ட் இதுவா இருக்குமோ?" என்றாள். அப்படி இருந்தால் வெட்டு என்ற கதையே இல்லை. வேறு கதை, அதைவிட அழகான கதை.

ஆக, எங்கள் கையில் ஒரு பேண்டுக்கு மூன்று விளக்கம். வைரஸ் வெட்டிய துண்டு. இயற்கையாகவே இருக்கும் மினிமேவ்ஸ். அல்லது மேவ்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு புரதம், ஆன்டிபாடி தவறிப் போய் ஒட்டிக்கொண்டது. டேட்டா ஷீட்டின் 'வேலிடேட்' என்ற சொல் இந்த மூன்றில் எது என்று சொல்லாது. அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது இயல்பான செல் இல்லை. மேவ்ஸ் ஜீனைத் திணித்து, அளவுக்கு மீறிச் சுரக்க வைத்த செல். ஊர்வலத்தில் யானையைக் காட்டுகிற மாதிரி, அந்த செல்லில் மேவ்ஸைக் காட்டாத ஆன்டிபாடிதான் அதிசயம். படமும் 60-க்குக் கீழே கத்தரிக்கப்பட்டிருந்தது. பொய் என்று சொல்ல மாட்டேன். எதிர்பார்த்த எடையில் ஒரு பேண்ட் வருகிறது, அதைத்தான் வேலிடேட் என்கிறார்கள். மனித செல்லில் ஏறக்குறைய இருபதாயிரம் ஜீன்கள் புரதம் செய்கின்றன. 75 கிலோடால்டன் பக்கத்தில் ஓடுகிறவை எத்தனையோ இருக்கும்.

இதைத் தீர்த்து வைப்பது நாக்அவுட் செல். மேவ்ஸ் ஜீனைக் கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் முறை கொண்டு அழித்த செல்லில் அந்தப் பேண்ட் மறைய வேண்டும். மறையாவிட்டால் அது மேவ்ஸ் இல்லை. இதைவிட எளிமையான சோதனை கிடையாது. ஆனால் அந்த செல் எங்களிடம் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. வேறு ஊரில் இருக்கும் ஒரு நண்பரின் ஆய்வகத்தில் இருந்தது. மாணவி ராத்திரி பஸ்ஸில் போய், சின்ன ஃப்ளாஸ்க்கில் மீடியத்தைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைச் சுற்றிப் பாராஃபில்ம் ஒட்டி, துண்டில் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பினாள். பையை மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்குவதற்குள் திண்டிவனம் தாண்டிவிட்டதாம்.

அந்த பிளாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாக்அவுட் செல்லின் வரிசையில் 75 பேண்ட் சுத்தமாக இல்லை. 55 அப்படியே இருந்தது. "மேடம், கீழ் பேண்ட் போகல மேடம்" என்றாள், என்னவோ அவள் தப்பு செய்த மாதிரி.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், இல்லை. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஏனென்றால் நாக்அவுட் ஒன்று போதும் என்று நம்புகிறவர்களும் உங்களில் இருப்பார்கள். நண்பரின் செல்லில் கிரிஸ்பர் வெட்டியது ஜீனின் தொடக்கத்தில், 142-க்கு முன்னால். அங்கே வெட்டினால் முழு மேவ்ஸ் போகும். ஆனால் 142-இல் இருந்து தொடங்குகிற மினிமேவ்ஸ் தப்பிப் பிழைக்கலாம். அப்படியானால் கீழ் பேண்ட் மினிமேவ்ஸ் என்ற விளக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் எம்.ஆர்.என்.ஏவையே அழிக்கும் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ போட்டோம். இரண்டு புரதமும் ஒரே எம்.ஆர்.என்.ஏவில் இருந்து வருவதால், அதை அழித்தால் இரண்டும் குறைய வேண்டும். மேல் பேண்ட் கால்வாசிக்கு இறங்கியது. கீழ் பேண்ட் அசையவில்லை. மூன்று தரம் செய்தோம்; அசையவே இல்லை.

அதற்குள் முதல் குப்பி தீர்ந்துவிட்டது. அதே கேட்டலாக் நம்பரில் இரண்டாவது வாங்கினோம், லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதியின் எண்) மட்டும் வேறு. அதில் 55 பேண்ட் கிட்டத்தட்ட இல்லை. பதிலுக்கு 40 பக்கத்தில் ஒன்று வந்து நின்றது. வேறு முயல், வேறு ரத்தம். இப்படி முயல் ரத்தத்தில் இருந்து நேராக எடுக்கும் பாலிகுளோனல் ஆன்டிபாடியின் ஆயுள் முயலின் ஆயுள்தான். பெயரும் நம்பரும் விலையும் அதேதான், உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் வேறு.

பத்து மாதம் நாங்கள் துரத்தியது மேவ்ஸ் இல்லை.

நிறுவனத்துக்கு எழுதினோம். மில்க் பவுடர் எந்த பிராண்டு, எத்தனை நிமிடம் கழுவினீர்கள், மெம்பரேன் என்ன வகை என்று இருபது கேள்வி வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினோம். கடைசியில் நல்லெண்ணத்தின் அடையாளமாக இன்னொரு குப்பி இலவசமாக அனுப்பினார்கள். அதே ஆன்டிபாடி. மாணவியின் அப்பா அவளிடம் கேட்டாராம்: "சரக்கு சரியில்லேன்னா கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டுக் காசு வாங்க வேண்டியதுதானே?" அவர் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார், சாயம் போகிற துணியை மில்லுக்குத் திருப்பி அனுப்பிப் பழக்கம். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான்.

சரி, இது ஒரு மேடத்தின் ஒரு குப்பியின் கதை, இதற்காகவா பட்ஜெட்டில் ஒரு வரி என்று கேட்பீர்கள். இது எனக்கு மட்டும் நடந்தது என்றால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஸ்வீடனின் மனிதப் புரத வரைபடத் திட்டக்காரர்கள் கடையில் விற்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆன்டிபாடிகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள், பாதிகூடத் தேறவில்லை. 2015-இல் ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆண்ட்ரியாஸ் ப்ளூக்தனும், நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்களின் கையெழுத்தோடு நேச்சர் இதழில் எழுதினார்கள்: சரியில்லாத ஆன்டிபாடிகளால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 80 கோடி டாலர் வீணாகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. அதில் குப்பியின் விலை மட்டும்தான் சேர்த்தி. என் மாணவியின் பத்து மாதம் அந்தக் கணக்கில் வராது.

எனக்கு நம்பிக்கை தருவது அதற்குப் பின் மான்ட்ரியலில் தொடங்கிய வைகாரோஸ் என்ற முயற்சி. அவர்கள் செய்தது நாங்கள் பஸ்ஸில் போய்ச் செய்ததைத்தான், ஆனால் பெரிய அளவில், முறையாக. நரம்பு மண்டலத்தோடு தொடர்புடைய 65 புரதங்களுக்குச் சந்தையில் இருந்த 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களோடு பக்கத்தில் வைத்து ஒரே முறையில் சோதித்தார்கள். 2023-இல் முடிவுகள் வந்தன. ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியாக ஒரு டஜன் கட்டுரைகள், அந்தப் புரதத்தை அடையாளமே காணாத ஆன்டிபாடியை வைத்து எழுதப்பட்டிருந்தன. அதே சமயம், சோதித்த புரதங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு நன்றாக வேலை செய்கிற ஆன்டிபாடி ஒன்றாவது சந்தையிலேயே இருந்தது. நல்ல சரக்கு இல்லாமல் இல்லை; எது நல்லது என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு மிக முக்கியமாகப் பட்டது வேறொன்று. இந்தச் சோதனைக்கு நிறுவனங்களே ஆன்டிபாடிகளைக் கொடுத்தன. முடிவைப் பார்த்துவிட்டு, தேறாதவற்றில் சுமார் 20 சதவீதத்தை விற்பனையில் இருந்து எடுத்தன, சுமார் 40 சதவீதத்துக்கு எந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்ற பரிந்துரையை மாற்றின. கம்பெனிக்காரர்களை வில்லனாக்கிப் பயனில்லை. யாராவது ஒழுங்காகச் சோதித்து முடிவை எல்லோர் முன்னாலும் வைத்தால் அவர்களும் திருத்திக்கொள்கிறார்கள்.

அந்தச் சோதனையில் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகள் மற்ற வகைகளைவிட நன்றாகத் தேறின. ஆன்டிபாடியின் ஜீன் வரிசை தெரிந்திருப்பதால் முயலை நம்பாமல் செல்லில் வளர்த்தே எடுக்கலாம், பத்து வருடம் கழித்து வாங்கினாலும் அதே சரக்கு வரும். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் ஒரே ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும் கலப்பு செல்லான ஹைபிரிடோமாவை உருவாக்கியபோதே முடிவில்லாமல் ஒரே ஆன்டிபாடி என்ற கனவு தொடங்கிவிட்டது. அவர்களுக்கு 1984-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஹைபிரிடோமா செல்களும் காலப்போக்கில் மாறும், சாகும். நாங்கள் இப்போது மேவ்ஸுக்கு ரீகாம்பினன்ட்தான் பயன்படுத்துகிறோம். விலை ஏறக்குறைய அதேதான். அதையும் சோதித்த பிறகுதான் பயன்படுத்துகிறோம், ஏனென்றால் வெஸ்டர்னில் நன்றாக நடந்துகொள்ளும் ஆன்டிபாடி மைக்ரோஸ்கோப்பின் கீழ் வேறு முகம் காட்டும். வெஸ்டர்னில் புரதம் கொதித்து, விரிந்து, நூல் மாதிரி கிடக்கும். செல்லுக்குள் அது மடிந்து கிடக்கும். ஆன்டிபாடி தேடும் இடம் மடிப்புக்குள் போய்விடும். ஒரு வேலைக்குச் சரி என்றால் எல்லாவற்றுக்கும் சரி என்று அர்த்தம் இல்லை.

எல்லாச் சோதனைக்கும் லட்சம் வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பணம் கறக்கப் பார்க்கிறேன் என்று தோன்றும். இன்டர்ஃபெரான் சேதியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஸ்டாட்1 புரதத்தில், 701-ஆவது இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியிருப்பதைக் காட்டும் ஆன்டிபாடியை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு அரை மணி நேரம் இன்டர்ஃபெரான் காமா கொடுத்தால் அந்தப் பேண்ட் வர வேண்டும். அந்தச் சேதியைத் தடுக்கும் ருக்ஸோலிடினிப் என்ற மருந்தை முன்கூட்டியே போட்டுவிட்டுக் கொடுத்தால் வரக் கூடாது. இரண்டுமே ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் பொருட்கள்; ஒரு நாள் வேலை. பாஸ்பேட்டேஸ் என்சைம் கொண்டு பாஸ்பேட்டை உரித்துப் பார்ப்பது அதைவிட மலிவு. இதையெல்லாம் செய்யாமல் விடுவது எங்கள் சோம்பல்தான், உங்கள் தப்பு இல்லை. ஆனால் நாக்அவுட் செல் உருவாக்குவது, ஒரு பேண்டை வெட்டி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்பி அது எந்தப் புரதம் என்று பார்ப்பது, இவற்றுக்குப் பணமும் நாளும் வேண்டும். அந்த 2,40,000 ரூபாய் இதற்குத்தான்.

அதனால் நான் கேட்பது முதலில் ஒன்றுதான்: அந்த வரி பட்ஜெட்டில் வந்தால் அடிக்காதீர்கள். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். "இந்த ஆன்டிபாடி உங்கள் செல்லில், உங்கள் சோதனையில் சரியானதைத்தான் பிடிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" என்று குழுவில் ஒருவர் கேட்டாலே போதும், அடுத்த வருடம் வருகிற திட்டங்களின் தரம் மாறிவிடும். உங்கள் முன்னால் நிற்கும்போது எங்களுக்கு இருக்கும் பயம் வேறு யார் முன்னாலும் இல்லை. அந்தப் பயத்தைக் கொஞ்சம் நல்ல வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

ஆனால் தயவுசெய்து இதை ஒரு படிவமாக்கிவிடாதீர்கள். 'ஆன்டிபாடி சரிபார்க்கப்பட்டதா? ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம் வந்தால், நாங்கள் எல்லோரும் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டு டேட்டா ஷீட்டை இணைத்துவிடுவோம். எங்களை எங்களுக்குத் தெரியும். பணம் தராமல் சோதனையை மட்டும் கட்டாயமாக்கினால் அதைவிட மோசம். பெரிய நிறுவனங்கள் தாக்குப்பிடிக்கும், மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு ஜெல் பெட்டியோடு வேலை செய்கிறவர்கள் போட்டியில் இருந்தே விலகிவிடுவார்கள். அவர்களிடமும் நல்ல கேள்விகள் இருக்கின்றன.

அப்புறம், சோதித்த முடிவு எங்கே போகிறது என்பது. நாங்கள் கண்டுபிடித்தது எங்கள் ஃப்ரீசர் கதவில் ஒட்டிய மஞ்சள் தாளில் இருக்கிறது: 'இந்த லாட் வேண்டாம்'. அடுத்த ஊரில் இருக்கும் ஆய்வகத்துக்கு அது தெரியாது. அவர்களும் நாற்பதாயிரம் கொடுத்து அதே குப்பியை வாங்குவார்கள், அவர்களுடைய மாணவரும் 55-ஐத் துரத்துவார். நீங்கள் நிதி கொடுத்த திட்டங்களில் சோதித்த ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும், தேறினாலும் தேறாவிட்டாலும், கத்தரிக்காத முழு பிளாட்டையும் லாட் நம்பரையும் பொதுவில் வைக்கச் சொல்லலாம். ஆன்டிபாடி போன்ற ஆய்வுப் பொருட்களுக்கு ஆர்.ஆர்.ஐ.டி என்ற அடையாள எண் முறை சில ஆண்டுகளாகவே இருக்கிறது. அதோடு சேர்த்து வைத்தால் தேடுகிறவருக்குக் கிடைக்கும். உங்கள் பணத்தில் உருவான நாக்அவுட் செல்களைப் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்லலாம். சாதாரண செல் லைன்களை நாடு முழுக்க அங்கிருந்துதான் வாங்குகிறோம். நாக்அவுட்களும் அங்கே இருந்தால் யாரும் ஃப்ளாஸ்க்கைத் துண்டில் சுருட்டிக்கொண்டு ராத்திரி பஸ் ஏற வேண்டாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று என் சக பேராசிரியர் ஒருவர் கேட்டார். 2024 பட்ஜெட்டில் ஆய்வகக் கெமிக்கல்கள் மீதான சுங்க வரியை 10 சதவீதத்தில் இருந்து 150 சதவீதமாக ஏற்றினார்கள். நாடு முழுக்க ஆய்வாளர்கள் சத்தம் போட்டார்கள்; ஓரிரு வாரத்துக்குள் பழைய வரிக்கே திரும்பினார்கள். சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது என்று அவருக்குப் பதில் சொன்னேன். பாதி நம்பினார்.

என் மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். அவளுடைய ஐந்து வருடத்தில் இரண்டு முடிந்துவிட்டது. ஆய்வேட்டின் முதல் அத்தியாயமாக அந்த 55 பேண்டையே எழுதச் சொன்னேன். முதலில் அழுதாள், இப்போது நன்றாக எழுதிக்கொண்டிருக்கிறாள். டெங்கு தொற்றினால் கூடுகிற அந்தப் புரதம் யார் என்று அவளுக்கு இப்போது தனி ஆர்வம் வந்துவிட்டது. அடித்துவிட்ட வரிக்கான செலவை வேறு தலைப்பில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிட்டுச் சமாளிக்கிறோம். அது எவ்வளவு சரி என்பதை ஆடிட்டர் வரும்போது பார்க்க வேண்டும்.

அடுத்த மாதம் இன்னொரு திட்டம் அனுப்புகிறேன், உங்களில் யாரோ ஒருவருடைய மேஜைக்கு வரும். பட்ஜெட்டில் அதே வரி இருக்கிறது, தொகை இந்த முறை 2,65,000. அதற்கான விளக்கத்தை இணைப்பு 4-இல் வைத்திருக்கிறேன்: நாக்அவுட் வரிசையோடு முழு பிளாட், மேலிருந்து கீழ்வரை, எங்கேயும் கத்தரிக்காமல்.

அன்புடன்,
தமிழ்நாட்டின் ஒரு பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் கற்பிக்கும் ஓர் உதவிப் பேராசிரியர்